தத்துவப் பெட்டிக்குள் ஒரு பைலா

போன மாதம் வானொலி நிலையத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். அந்த நிலையத்தின் ஒலிநூலகத்தைப் பல வருடம் பார்த்துவிட்டு நான் ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. பழைய பாட்டுகளை எல்லாம் இப்போது புதிய கணினிக்கு மாற்றுகிறார்களாம். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே ‘மூட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதை நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பாட்டுக்குப் போக விடாதாம். நாற்பதுக்கு மேற்பட்ட மூட்டுகளைக் கணினியே வரிசையாகக் காட்டுமாம், நாங்கள் ஒன்றைத் தொட்டால் போதுமாம். மனிதருக்கு இத்தனை மூட் இருக்கிறது என்று எனக்கு அறுபத்தாறு வயதில்தான் தெரிந்தது.

“அன்ரி, ஒரு சின்னச் சந்தேகம். நீங்கள் செய்து வைச்ச பட்டியலிலை தத்துவம் எண்ட பகுதிக்குள்ளை ஏன் இவ்வளவு பைலாப் பாட்டுக் கிடக்கு? பிழையாப் பதிஞ்சுபோட்டியளோ?”

“பிழையில்லைப் பிள்ளை. தெரிஞ்சுதான் போட்டனான்.”

“கை தட்டி ஆடுற பைலாவிலை என்ன தத்துவம், அன்ரி?”

இதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு நீளமான பதில் என்று தெரிந்தது.

நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தது எண்பத்து நான்காம் ஆண்டு, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்டிய ஒரு ஒழுங்கையில் இருந்த றெக்கோடிங் பாரில். கடை நிறைய இசைத்தட்டுகளும் மூலக் கசெற்றுகளும் இருக்கும். சனம் தங்களுக்கு வேண்டிய பாட்டுகளைக் கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு வரும். நாங்கள் அவற்றை ஒரு வெறும் கசெற்றில் வரிசையாகப் பதிந்து கொடுப்போம். பாட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கையெழுத்து வடிவாக இருக்கிறது என்றுதான் எடுத்தார்கள். முதல் மூன்று மாதம் ஒட்டுத்தாள் எழுதினேன். அடுத்த மூன்று மாதம் சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றி எடுத்தேன். அதன் பிறகு பதிவு வேலையும் என் தலையில் விழுந்தது. என் பயிற்சி அவ்வளவுதான்.

கடை முதலாளி சிற்றம்பலம் ஐயா தபாற் கந்தோரில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவர். ஓய்வுபெற்று வந்த கையோடு கடையைத் திறந்தார். கடிதம் பிரிக்கும் அந்தச் சதுரப் பெட்டிகளைப்போலவே சுவரில் ஏழு பெட்டி அடித்து வைத்திருந்தார். சோகம், காதல், பக்தி, தத்துவம், துள்ளல், மேல்நாடு, ஏழாவது மூட். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஒட்டுத்தாள். சோகத்துக்கு நீலம், காதலுக்குச் சிவப்பு, பக்திக்கு மஞ்சள், தத்துவத்துக்குப் பச்சை. துள்ளலுக்குச் செம்மஞ்சள். மேல்நாட்டுக்கு ஏனோ கறுப்பு, அதில் வெள்ளை மையால் எழுதவேண்டும், கை விறைத்துப் போகும்.

மூட் என்ற பெட்டி முதலில் இருக்கவில்லை. ஒருநாள் ஒரு இளந்தாரி வந்து, “ஐயா, மூட் பாட்டு இருக்கே?” என்று கேட்டான்.

“என்ன மூட்?”

“நல்ல மூட், ஐயா.”

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விலாசம் இல்லாத கடிதம் வந்தால் கந்தோரில் அப்படித்தான் துடைப்பாராக்கும். அடுத்த கிழமை தச்சனைக் கூப்பிட்டு ஏழாவது பெட்டியை அடிப்பித்தார். எந்தப் பெட்டிக்கும் போகாத பாட்டெல்லாம் அதற்குள் போனது. ஊதா ஒட்டுத்தாள். கடையில் நன்றாக விற்றவற்றில் அதுவும் ஒன்று.

ஐயாவின் சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு பாட்டு இரண்டு பெட்டியில் இருக்கக்கூடாது.

“ஐயா, இந்தப் பாட்டு காதலும்தான், சோகமும்தான். எதுக்குள்ளை போட?” என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“பிள்ளை, சாவகச்சேரிக் கடிதம் சாவகச்சேரிப் பெட்டிக்குத்தான் போகவேணும். எழுதினவன் அழுதுகொண்டு எழுதினானோ சிரிச்சுக்கொண்டு எழுதினானோ எங்களுக்கென்ன? முதல் வரியைப் பார், பெட்டியிலை போடு.”

முதல் வரியைப் பார்த்துப் போட்டேன். சனமும் அதை முழுதாக நம்பியது. ஒருமுறை ரியூசன் வகுப்பிலிருந்து மூன்று பொடியன்கள் தனித்தனியாக வந்தார்கள். சட்டைக் கழுத்து அகலமாக இருந்தவன் தன்னை டிஸ்கோ என்றான். காதை மூடித் தலைமயிர் விட்டவன் றொக் என்றான். இந்த வெயிலில் ஒரு கைக்கு மட்டும் கையுறை போட்டிருந்தவன் பிரேக் என்றான். எங்களிடம் இருந்த ஆங்கில இசைத்தட்டு மொத்தமே நான்கு. அதிலும் ஒன்று கிறிஸ்மஸ் பாட்டு. மிச்சம் மூன்றையும் அதே ஒழுங்கில் மூன்று கசெற்றிலும் பதிந்தேன். ஒன்றில் டிஸ்கோ, ஒன்றில் றொக், ஒன்றில் பிரேக் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து மூவரும் கடை வாசலில் நின்று யாருடையது திறம் என்று சண்டை. றொக்காரன் டிஸ்கோக்காரனைப் பார்த்து, “உதெல்லாம் ஒரு பாட்டே? எங்கடையைக் கேட்டுப் பார், அதிலை ஒரு வெறி இருக்கு!” என்றான். நான் மேசைக்குக் கீழே குனிந்து பென்சில் தேடுவதுபோல இருந்தேன்.

அதிகம் விற்றது சோகம். காதல் தோற்றவர்களும் வாங்கினார்கள், காதலிக்க ஒருத்தியும் கிடைக்காதவர்களும் வாங்கினார்கள். கொடிகாமத்திலிருந்து லொறியில் மரக்கறி ஏற்றி ஓடும் கந்தையா அண்ணை பெரிய தொந்தியும் வாய் நிறைய வெற்றிலையுமாக மாதா மாதம் வந்து நிற்பார். “பிள்ளை, நல்ல சோகமாப் பாத்து ஒரு கசெற். கேட்டால் நெஞ்சு வெடிக்கவேணும்.” வீட்டில் ஏதும் கரைச்சலோ என்று ஒருநாள் பயந்து பயந்து கேட்டேன். “சீச்சீ, துள்ளல் போட்டால் எனக்கு லொறியிலை கண் சொக்குது. சோகம் போட்டால்தான் நித்திரை வராது,” என்றார்.

விற்காதது தத்துவம். அந்தப் பச்சைப் பெட்டியில் ஐயாவே தெரிவுசெய்த இருபது கசெற் இருந்தன. வாழ்க்கை நிலையாது, உடம்பு பொய், உறவு பொய் என்கிற வகை. அதைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. இரவல் கேட்டுக்கூட வந்ததில்லை. ஐயா மட்டும் சனிக்கிழமைகளில் அவற்றை எடுத்துத் தூசு தட்டி, திரும்பவும் வைப்பார்.

எண்பத்தாறின் தொடக்கத்தில் குருநகரிலிருந்து யோசேப்பு என்று ஒருவர் நான்கு ஆட்களுடன் வந்தார். கடற்றொழில் செய்கிறவர்கள். ஒருவரிடம் மண்டலின், ஒருவரிடம் கித்தார், ஒருவரிடம் ரபான் மேளம், ஒருவரிடம் இரண்டு கரண்டி. கலியாண வீடுகளில் பாடுகிறார்களாம், ஒரு பாட்டையாவது கசெற்றில் ஏற்றவேண்டுமாம். ஐயா வழமையான கேள்வியைக் கேட்டார்.

“எந்த ரகம்?”

“பாட்டு, ஐயா.”

“பாட்டெண்டு தெரியும். எந்த ரகப் பாட்டு?”

யோசேப்பு அண்ணை கரண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “கலியாண வீட்டிலை பாடுறனாங்கள். செத்த வீட்டு முப்பத்தொண்டாம் நாள் முடிஞ்சு, சாப்பாட்டுக்குப் பிறகு ஆக்கள் கேட்டால் அங்கையும் இதைத்தான் பாடுறது.”

“அடிப்பு எப்பிடி?”

கரண்டிக்காரர் அடித்துக் காட்டினார். ஐயா, “துள்ளல்,” என்றுவிட்டுச் செம்மஞ்சள் தாளை என் பக்கம் தள்ளினார்.

அது யோசேப்பு அண்ணை தன் மனைவியைப் பகிடி பண்ணிக் கட்டிய பாட்டு. கடலுக்குப் போன புருசன் வரப் பிந்துகிறான். மனுசி மீன்கறியை வைத்துக்கொண்டு கரையில் நின்று ஏசுகிறாள். ‘கறி ஆறுது, காத்தும் மாறுது, கோவியாதை பிலோமி’ என்று ஒரு அடி திரும்பத் திரும்ப வரும். பாடி முடித்ததும் யோசேப்பு அண்ணை சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, “போதுமே, தங்கச்சி?” என்றார். நான் பொத்தானை அமத்த மறந்துபோய், “காணும் அண்ணை,” என்றேன். அதுவும் நாடாவில் ஏறிவிட்டது. வெட்டவேண்டும் என்று நினைத்தேன், வெட்டவில்லை. சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

மூலக் கசெற் கடையில் தங்கியது. வழக்கப்படி அதன் முதுகில் இருந்த சின்னப் பல்லை உடைத்துவிட்டேன். அந்தப் பல் இல்லாவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதிய இயந்திரம் விடாது.

அந்தப் பாட்டு எனக்கு வேறொரு விதத்தில் உதவியது. கசெற்றின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். பாட்டுகளை அடுக்கினால் கடைசியில் இரண்டோ மூன்றோ நிமிடம் மிஞ்சும். அதை வெறுமையாக விட்டால், பாதி நாடா சும்மா ஓடுது என்று சனம் திரும்பி வரும். அதே ரகத்துப் பாட்டால்தான் நிரப்பவேண்டும் என்பது ஐயாவின் கட்டளை. ஆனால் மூன்று நிமிடத்துக்குள் முடிகிற சோகம் எங்கே இருக்கிறது? தமிழில் சோகம் அவ்வளவு சுருக்கமாக முடியாது. யோசேப்பு அண்ணையின் பாட்டு மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். ஐயா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, சோகத்தின் வாலிலும் பக்தியின் வாலிலும் அதைக் கள்ளமாக ஒட்டிவிடுவேன். ஒருவரும் முறையிடவில்லை. ஒட்டுத்தாளை வாசித்தவர்கள் கடைசிவரை கேட்கவில்லையோ, கேட்டும் பேசாமல் இருந்தார்களோ தெரியாது.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கி மின்சாரம் போனது. கடையும் நகரத்திலிருந்து பக்கத்து ஊரான திருநெல்வேலியில் ஐயாவின் வீட்டு முன்னறைக்கு வந்தது. ஐயாவின் மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இரண்டு கசெற் போடக்கூடிய பெட்டி ஒன்றைச் சைக்கிள் டைனமோவில் ஓட்டினோம். சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, மற்றவர் பதிவார். மிதி தளர்ந்தால் பாடுகிறவரின் குரலும் தளரும். அரசாங்கம் போட்ட தடையால் பற்றரி வராது, வெறும் கசெற்றும் வராது. ஆனால் பாட்டுக் கேட்கிற ஆசை மட்டும் எந்தத் தடையிலும் நிற்கவில்லை. சோகம் கேட்டு முன்னையிலும் அதிகமாகச் சனம் வந்தது. சுற்றிவர இருந்தது போதாதென்றுதான் நினைக்கிறேன்.

தொண்ணூற்றிரண்டில் ஐயா ஒரு தீர்மானத்துக்கு வந்தார். ஒரு பெட்டியை அழித்துத்தான் மற்றப் பெட்டிகளைக் காப்பாற்ற வேண்டும்.

“துள்ளலை அழி, பிள்ளை. இந்தக் காலத்திலை ஆர் துள்ளப்போகினம்?”

“தத்துவம் ஒருத்தரும் கேக்கிறேல்லை, ஐயா. அதை அழிப்பமே?”

“தத்துவத்திலை கை வைக்கிறேல்லை!”

அப்படி அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. துள்ளல் பெட்டியை இறக்கினேன்.

எப்படி அழித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பல் உடைத்த கசெற் தானாக அழியாது. பல் இருந்த ஓட்டையைக் கடதாசி ஒட்டி மூடவேண்டும். பழைய ஒட்டுத்தாளை ஈரத்துணியால் ஊறவைத்து உரிக்கவேண்டும். பிறகு பதிவுப் பொத்தானை அமத்தி, ஒன்றும் பாடாமல் அப்பக்கம் முழுவதும் ஓடவிடவேண்டும். ஒவ்வொரு கசெற்றாக, ஒவ்வொரு ஓட்டையாக, என் கையால் மூடினேன். என்ன அழிகிறது என்று வாசித்துப் பார்க்கவில்லை. எல்லாம் செம்மஞ்சள்தானே, எல்லாம் துள்ளல்தானே.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் காலையில் ஒரு பெண் ஏழு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“தங்கச்சி, நீங்கள் முந்தி ரவுனிலை கடை வைச்சிருந்தனீங்கள்தானே? நான் குருநகர். பிலோமினா. என்ரை மனுசன் உங்களிட்டை ஒரு பாட்டுப் பதிஞ்சவர். யோசேப்பு எண்டு.”

எனக்கு அந்தப் பெயர் உடனே பிடிபடவில்லை. எட்டு வருடத்தில் எத்தனை யோசேப்புகள். “என்ன பாட்டு அக்கா?” என்று கேட்டேன்.

“சோகப் பாட்டு. கேட்டால் தாங்கேலாது.”

எண்பத்தாறின் கடைசியில் அவர் கடலுக்குப் போனார், திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. அப்போது இந்தப் பிள்ளை ஜெனிற்றா வயிற்றில் ஏழு மாதம். வீட்டில் இருந்த கசெற், அவர்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த ஒரு நாளில் தண்ணீரில் ஊறிக் கிடந்ததாம். வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பிள்ளைக்கு முதல் நன்மை, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

“வெள்ளைச் சட்டை தைச்சாச்சு. பூமுடியும் இரவல் வாங்கியாச்சு. அப்பான்ரை குரல் எப்பிடி எண்டு கேக்கிறாள். நான் எப்பிடிச் சொல்லிக் காட்டுறது? அண்டைக்கு மட்டும் ஒருக்காப் போட்டுக் கேக்கவேணும், அவ்வளவுதான்.”

சோகப் பெட்டி முழுவதையும் இறக்கினோம். நீலத் தாள் ஒவ்வொன்றையும் வாசித்தேன். ஐயாவும் வாசித்தார். இல்லை. காதலில் பார்த்தோம், மூட்டில் பார்த்தோம். பிள்ளை கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. காலால் கதிரைச் சட்டத்தில் மெல்லத் தட்டியது. அந்தத் தட்டில்தான் எனக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது. கரண்டிகள், மண்டலின், கறி ஆறுது. சோகமா அது? அது துள்ளல்.

“அக்கா, அது கொஞ்சம் கெதியாப் போற பாட்டே? கை தட்டிப் பாடுறது?”

“ஓம், எல்லாரும் ஆடுவினம். ஏன்?”

பொய் சொல்லியிருக்கலாம். ஷெல் விழுந்து எரிந்துபோனது என்றால் அந்த நாளில் ஒருவரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். வாயில் அந்தப் பொய் வந்து நின்றது.

“அது இஞ்சைதான் கிடந்தது, அக்கா. கசெற் இல்லையெண்டு அழிச்சுப்போட்டம். நான்தான் அழிச்சனான்.”

பிலோமினா அக்கா பிள்ளையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், “அழிக்கேக்கை ஒருக்காலெண்டாலும் போட்டுக் கேட்டனியே?”

“இல்லை அக்கா.”

“கேட்டிருந்தால் அழிச்சிருக்கமாட்டாய்.” ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு படலைவரை போனவள் திரும்பி, “கடல் ஒருக்கா எடுத்தது, நீங்கள் ஒருக்கா எடுத்தியள்,” என்றாள். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

அன்று மதியம் சோகப் பெட்டியைத் திரும்ப அடுக்கினேன். என் கள்ள வேலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எத்தனை பேருடைய கசெற்றின் வாலில் அந்தப் பாட்டை ஒட்டியிருப்பேன்! ஆனால் கள்ளத்துக்கு யார் கணக்கு வைப்பார்கள்? நினைவில் நின்ற ஆட்களைத் தேடிப் போனேன். சைக்கிளில் கொடிகாமம் போய்க் கந்தையா அண்ணையைப் பிடித்தேன். அவர் தலையில் கை வைத்தார். “கடைசியிலை ஒரு பைலா வருமே, அதுவோ? ஐயோ பிள்ளை, அது வந்தால் நான் லொறியை நிப்பாட்டிப்போட்டுக் கேக்கிறனான். நீதானே போன வருசம் அந்தக் கசெற்றை வாங்கி அழிச்சுப் புதுச் சோகம் போட்டுத் தந்தனி!” கோண்டாவிலில் ஒரு கோயில் தர்மகர்த்தாவிடம் பக்திக் கசெற் இருந்தது. நாடா பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போயிருந்தது. பருத்தித்துறையில் ஒரு ஆசிரியை வீடு பூட்டியிருந்தது, கொழும்புக்குப் போய்விட்டார்களாம். இப்படியே ஆறு நாள் போனது. முதல் நன்மைக்கு மூன்று நாள்தான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் ஐயாவிடம் ஒப்புக்கொண்டேன். சோகத்தின் வாலில் துள்ளலை ஒட்டினேன், பக்தியின் வாலில் ஒட்டினேன், உங்களுக்குத் தெரியாமல் எத்தனையோ தரம் செய்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் எழும்பி உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு நீல ஒட்டுத்தாள் கசெற். ‘சோகம்’ என்று என் கையெழுத்து.

“மனுசி செத்த கிழமை நீ எனக்குப் பதிஞ்சு தந்தது.”

மறந்தே போயிருந்தேன். அந்த வீட்டுத் துக்கத்துக்கென்று ஐயா கேட்டுப் பதிந்த கசெற். அதிலும் மூன்று நிமிடம் மிஞ்சியிருக்கும்.

“இதிலையும் ஒட்டினனானே, ஐயா?”

“ஒட்டினனி.”

“ஏன் ஐயா என்னை ஒண்டும் கேக்கேல்லை?”

அவர் கசெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முதல் ஆறு பாட்டுக்கும் எனக்குக் கண்ணீர் வரேல்லை, பிள்ளை. ஏழாவதுக்குத்தான் வந்தது. அந்த மனுசி கறியை வைச்சுக்கொண்டு நிண்டு ஏசுறா. எங்கடை வீட்டிலையும் அதுதானே நடந்தது. ஆறு வருசமா அதைத்தான் கேக்கிறன். உன்னட்டைச் சொன்னால் சட்டம் என்னாகிறது?”

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஏழு பெட்டி அடித்து, முதல் வரியைப் பார் என்று என்னைப் பத்து வருடம் உருட்டிய மனிதர்! அழுதுவிட்டேன்.

மறுநாள் காலையில் பிலோமினா அக்காவுக்கு ஆள் அனுப்பினோம். பிள்ளையுடன் வந்தாள், முகத்தில் இன்னும் அந்தக் கோபம் இருந்தது. ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சைக்கிளில் ஏறினார். அறுபத்தெட்டு வயது. நான் கசெற்றைக் கடைசிக்கு ஓட்டிப் பொத்தானை அமத்தினேன்.

மண்டலின் வந்தது, கரண்டி வந்தது, குரல் வந்தது. பிலோமினா அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்திக்கொண்டாள். பாதியில் ஐயாவுக்கு மூச்சு வாங்கியது, மிதி தளர்ந்தது, யோசேப்பு அண்ணையின் குரல் தடித்து இழுபட்டது. அவள் தலைப்பை எடுத்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

“ஐயா, கெதியா மிதியுங்கோ! அவர் உப்பிடி இழுத்துப் பாடுறவரில்லை!”

ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். குரல் நிமிர்ந்தது. பிலோமினா அக்கா அழுகையும் சிரிப்புமாக, “இந்தாளுக்கு எப்ப பாத்தாலும் பிந்திறதுதான் வேலை,” என்றாள். பாட்டு முடிந்தது. சிரிப்புச் சத்தம். ‘போதுமே, தங்கச்சி?’ ‘காணும் அண்ணை.’

ஜெனிற்றா தாயைப் பார்த்தாள். “அம்மா, அப்பா ஆரோடை கதைக்கிறார்?”

தாய் என்னைக் காட்டினாள். பிள்ளை எழும்பி வந்து என் முகத்துக்கு நேரே நின்றது. தன்னோடு ஒரு சொல்லும் கதைக்காத தகப்பன் கதைத்த ஆள் நான். அவர் கேட்ட கேள்விக்குக் காணும், போதும் என்று சொன்ன ஆளும் நான். “இன்னொருக்காப் போடுங்கோ, அன்ரி,” என்றது. போட்டேன். ஐயா மிதித்தார். ஐந்து தரம் போட்டோம்.

இனிப் பிரதி எடுக்கவேண்டும். வெறும் கசெற் இல்லை. ஐயா இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பச்சைப் பெட்டிக்குப் போனார். தூசு தட்டி வைத்திருந்த இருபதில் ஒன்றை எடுத்தார். முதுகு ஓட்டையில் தானே கடதாசி ஒட்டினார். “இதிலை பதி,” என்றார். வாழ்க்கை நிலையாது என்ற பாட்டின் மேல் கறி ஆறுது என்ற பாட்டைப் பதிந்தேன், மிச்ச இடத்திலும் அதையே திரும்பத் திரும்பப் பதிந்தேன்.

பதிந்து முடிந்ததும் ஈரத்துணியை எடுத்தேன். “அக்கா, இந்தப் பச்சைத் தாளை உரிச்சுப்போட்டுப் புதிசு எழுதித் தாறன். என்னெண்டு எழுத? சோகமோ, துள்ளலோ?”

ஐயாவும் அவளுடைய வாயைத்தான் பார்த்தார். எந்த நிறத் தாளையும் தரத் தயாராக இருந்தார்.

பிலோமினா அக்கா கசெற்றை வாங்கி வாசித்தாள். “தத்துவம் எண்டு கிடக்கு. கிடக்கட்டும், உரியாதேங்கோ.”

“ஏன் அக்கா?”

“சோகமெண்டால் ஊர் முழுக்க இரவல் கேக்கும். துள்ளலெண்டால் கலியாண வீட்டுக்கெண்டு கொண்டு போடுவினம். தத்துவமெண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

பத்து வருட வேலையில் ஒட்டுத்தாள் எதற்கு என்று எனக்கு விளங்கியது அன்றுதான்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் சண்டை நெருங்கி வர, ஊர்ச்சனம் எல்லோருமாக வீடுகளை விட்டுக் கிளம்பினோம். ஏழு பெட்டியும் சுவரிலேயே கிடந்தன. ஐயா நீலக் கசெற்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டினார். மழைக்குள் நடந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் நாள் அங்கே தண்ணீருக்கு நின்ற வரிசையில் பிலோமினா அக்காவைக் கண்டேன். ஒரு வகுப்பறை மூலையில் அவளும் பிள்ளையும், ஒரு துணி மூட்டை, ஒரு பானை, மாதா படம்.

பக்கத்து வகுப்பறையில் யாரோ ஒருவரிடம் கசெற் பெட்டியும் எங்கோ தேடிப் பிடித்த பற்றரியும் இருந்தன. அவர் ஒவ்வொரு மூட்டையாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். “ஏதேன் பாட்டுக் கசெற் கிடக்கே? தாங்கோ, எல்லாரும் கேப்பம். சோகமெண்டாலும் பரவாயில்லை.” சனம் தேடித் தேடிக் கொடுத்தது. கொடுத்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்குமோ தெரியாது.

எங்களிடம் வந்தார். ஜெனிற்றாவின் மடியில் இருந்த கசெற்றைக் கண்டுவிட்டார். பிள்ளை தாயைப் பார்த்தது. பிலோமினா அக்கா கொஞ்சமும் பதறாமல் அதை வாங்கி அவரிடமே நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்து, என் வடிவான கையெழுத்தை வாசித்தார்.

“தத்துவமோ?” என்றார். “இல்லை அக்கா, நீங்களே வைச்சிருங்கோ.”